குழாயை விட்டு ஓடிய என்ஜின்



இந்த முறை கொஞ்சம் கிரீஸ் வாசனை அடிக்கும் சரித்திரம். பெட்ரோலில் ஓடும் சின்ன ஜெனரேட்டரை இயற்கை எரிவாயுவில் ஓட வைப்பது பற்றி. "இதில் என்ன சரித்திரம் இருக்கிறது?" என்று கேட்பவர்கள் கடைசி வரை வாருங்கள்.

முதலில் ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். 2015 டிசம்பர், சென்னை வெள்ளம். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. எங்கள் குடியிருப்பில் மின்சாரம் போய் இரண்டாம் நாள். மேல் வீட்டு மாமாவிடம் ஒரு குட்டி பெட்ரோல் ஜெனரேட்டர் இருந்தது. முதல் நாள் அதுதான் எங்கள் எல்லோருக்கும் தெய்வம். எல்லா வீட்டு செல்போனும் அதில்தான் சார்ஜ் ஏறியது. பாட்டியின் இன்சுலின் இருந்த ஃபிரிட்ஜும் அதில்தான் ஓடியது. மறுநாள் பெட்ரோல் தீர்ந்தது. மாமா கேனை எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து போய் வெறும் கேனோடு திரும்பி வந்தார். "பங்க்ல பெட்ரோல் இருக்குடா, கரண்ட் இல்லாம மேல ஏத்த முடியலையாம்" என்றார்.

அந்த நேரத்தில் எங்கள் சமையலறையில் ஒரு முழு கேஸ் சிலிண்டர் இருந்தது. "அப்பா, இதை அதுக்குள்ள விட முடியாதா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். இன்சுலின் பாட்டில் ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் போனது. அதோடு பேச்சு முடிந்தது.

ஆனால் கேள்வி முடியவில்லை. கல்லூரிக்கு வந்து என்ஜின் பற்றிப் படிக்கும்போதுதான் தெரிந்தது, அது அப்படி ஒன்றும் சிரிக்கக்கூடிய கேள்வி இல்லை என்று. என்ஜின் பிறந்தபோது அது குடித்ததே வாயுதான். பெட்ரோல் அப்புறம் வந்தது!

பாரிஸ், 1860

எத்தியேன் லெனுவார் என்பவர் பெல்ஜியம் பகுதியில் பிறந்து பாரிஸுக்குப் பிழைக்க வந்தவர். 1860-ல் அவர் காப்புரிமை பெற்ற என்ஜின்தான் விற்பனைக்கு வந்து வேலை செய்த முதல் உள்ளெரி என்ஜின் என்று சொல்லலாம். அதற்கு எரிபொருள் நிலக்கரி வாயு.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவின் பெரிய நகரங்களில் தெருவிளக்குக்காக நிலக்கரி வாயுவைக் குழாயில் அனுப்பினார்கள். நிலக்கரியைக் காற்றில்லாமல் சூடாக்கினால் வரும் வாயு அது. லண்டனில் 1812-லேயே இதற்கென்று ஒரு கம்பெனி தொடங்கிவிட்டது. ஆக லெனுவாருக்கு எரிபொருள் தேடி அலைய வேண்டிய வேலையே இல்லை. சுவரில் இருக்கும் விளக்குக் குழாயிலிருந்து ஒரு கிளை எடுத்தால் போதும், என்ஜின் ஓடும். அச்சகங்களிலும் சிறு பட்டறைகளிலும் அது வேலை செய்தது. ஆனால் ஏகத்துக்கும் வாயுவைக் குடிக்கும். வாயுவை அமுக்காமலேயே பற்றவைத்ததால், எரிபொருளின் சக்தியில் மிகச் சிறு பங்குதான் வேலையாக மாறியது. மீதி எல்லாம் வெறும் சூடு.

அடுத்து வருகிறார் நிக்கோலாஸ் ஆட்டோ. ஜெர்மனியில் ஊர் ஊராகப் போய் மளிகைச் சாமான் விற்ற விற்பனைப் பிரதிநிதி! பொறியியல் பட்டம் எதுவும் கிடையாது. லெனுவார் என்ஜினைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அவருக்கு முதலில் தோன்றிய குறை என்ன தெரியுமா? "இது குழாயோடு கட்டிப் போட்டதாக இருக்கிறதே" என்பதுதான். குழாய் இல்லாத ஊரில் இதை என்ன செய்வது? 1861-ல் ஆல்கஹாலை ஆவியாக்கி என்ஜினுக்குக் கொடுக்கும் கருவி ஒன்றுக்கு ஆட்டோவும் அவருடைய அண்ணனும் காப்புரிமை கேட்டார்கள். பிரஷ்ய அரசு தள்ளுபடி செய்துவிட்டது.

அவர் விடவில்லை. 1864-ல் ஆய்கன் லாங்கன் என்பவரோடு சேர்ந்து தொழில் தொடங்கினார். 1867 பாரிஸ் கண்காட்சியில் அவர்களுடைய என்ஜினுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. லெனுவார் என்ஜினைவிட மிகக் குறைவாகத்தான் அது வாயு குடித்தது. 1876-ல் வந்தது நான்கு வீச்சு என்ஜின். உறிஞ்சு, அமுக்கு, எரி, வெளியேற்று. இன்று நம் வீட்டு பைக்கில் ஓடுவதும் இதே நான்கு படிதான். அந்த என்ஜினும் வாயுவில்தான் ஓடியது. அந்தக் கம்பெனியின் பெயரே டாய்ட்ஸ் வாயு என்ஜின் தொழிற்சாலை.

குழாயை அறுத்தவர்கள்

அதே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள்தான் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும். 1882-ல் வெளியே வந்து, ஒரு தோட்டத்துக் கண்ணாடி வீட்டைப் பட்டறையாக மாற்றி, சின்னதாக, வேகமாகச் சுற்றும் பெட்ரோல் என்ஜினை உருவாக்கினார்கள். 1885-ல் அதை ஒரு இரு சக்கர வண்டியில் ஏற்றி ஓட்டியும் காட்டினார்கள். அதே சமயத்தில் வேறொரு ஊரில் கார்ல் பென்ஸ். அவருடைய மூன்று சக்கர வண்டிக்கு 1886 ஜனவரியில் காப்புரிமை விண்ணப்பம் போனது.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இங்கேதான் வருகிறது. உலகின் முதல் பெட்ரோல் கார் என்று நாம் கொண்டாடும் அந்தக் காப்புரிமையின் தலைப்பு என்ன தெரியுமா? "வாயு என்ஜினால் இயங்கும் வாகனம்"! வண்டியோடு எடுத்துச் செல்லும் ஒரு கருவியில் திரவத்தை வாயுவாக்கி, அந்த வாயுவை என்ஜினுக்குக் கொடுப்பதாகத்தான் பென்ஸ் எழுதினார். அதாவது அவரைப் பொறுத்தவரை அது வாயு என்ஜின்தான். வாயுத் தொழிற்சாலையை மட்டும் சுருக்கி வண்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

அந்தக் கருவிதான் கார்புரேட்டர். அதன் வேலை ஒன்றே ஒன்றுதான். பெட்ரோலைப் பொடிப்பொடியாகச் சிதறடித்து, ஆவியாக்கி, காற்றோடு கலந்து கொடுப்பது. என்ஜினுக்குத் திரவம் தெரியாது. உள்ளே வருவது எரியக்கூடிய ஆவியும் காற்றும் சரியான அளவில் கலந்த கலவையா, அவ்வளவுதான் அதற்கு வேண்டும்.

அப்படியானால் பெட்ரோல் ஏன் ஜெயித்தது? எடுத்துச் செல்ல வசதி. ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் சக்தி, சாதாரண அழுத்தத்தில் உள்ள வாயுவாக வேண்டுமானால் கிட்டத்தட்ட ஒரு கன மீட்டர், அதாவது 1000 லிட்டர் இடம் பிடிக்கும். 1888-ல் பென்ஸின் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களோடு காரை எடுத்துக்கொண்டு தூரத்து ஊருக்குப் போனார். வழியில் எரிபொருளுக்கு வீஸ்லோக் என்ற ஊரில் ஒரு மருந்துக்கடையில்தான் வாங்கினார். பாட்டிலில் கிடைக்கும் எரிபொருளின் பலம் அதுதான்!

பெட்ரோல் இல்லாத போதெல்லாம்

பெட்ரோல் சுலபமாகக் கிடைக்கும் வரை யாரும் வாயுவைத் திரும்பிப் பார்க்கவில்லை. கிடைக்காமல் போனபோதெல்லாம் திரும்பி ஓடினார்கள்.

முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் பஸ், கார் கூரை மேல் பெரிய பெரிய துணிப் பைகளில் நிலக்கரி வாயுவை நிரப்பிக்கொண்டு ஓட்டினார்கள். பார்க்க மெத்தையைத் தூக்கிக்கொண்டு போவது மாதிரி இருக்கும். இரண்டாம் உலகப் போரின்போது ஐரோப்பாவில் பல லட்சம் வண்டிகள் விறகிலிருந்து எடுத்த வாயுவில் ஓடின. ஜார்ஜ் இம்பர்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 1920-களில் உருவாக்கிய அடுப்பு அதற்கு உதவியது. விறகையோ கரியையோ போதிய காற்றில்லாமல் எரித்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதுதான் எரிபொருள். அதே வாயுதான் விஷமும். ஓட்டுநர்கள் பலர் அதை சுவாசித்துப் பாதிக்கப்பட்டார்கள்.

நம் ஊருக்கும் இது வந்தது. சென்னை மாகாணத்தில் அந்தப் போர்க்காலத்தில் கரி பஸ் ஓடியது. என் தாத்தா சின்னப் பையனாக அதில் போயிருக்கிறாராம். பஸ்ஸின் பின்னால் ஒரு பெரிய தகர டிரம், அதற்குள் கரி. கிளம்புவதற்கு முன் ஒரு ஆள் நின்று கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி காற்று ஊதி நெருப்பைக் கிளப்ப வேண்டும். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். "டிக்கெட்டும் வாங்கிட்டு தள்ளவும் சொல்லுவான்" என்று தாத்தா இன்றைக்கும் சிரிப்பார். கரி வாயுவில் பெரும்பகுதி எரியாத நைட்ரஜன். அதனால் என்ஜின் பலம் நன்றாகவே குறைந்துவிடும்.

வாயு இல்லாத இடத்திலும் இதே தத்துவம் வேலை செய்திருக்கிறது. 1990-களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்காதபோது, மக்கள் மோட்டார் சைக்கிளையும் காரையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் சில சொட்டு பெட்ரோலை விட்டுக் கிளப்பி, என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். நம் ஊர்க் கடைகளில் இருந்த பழைய சின்ன ஜெனரேட்டர்கள் பலவும் இப்படி பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுபவைதான். எப்படியாவது ஆவியைக் கொடு, ஓடுகிறேன் என்கிறது என்ஜின்.

இயற்கை எரிவாயு எப்படி வீட்டுக்கு வந்தது?

இதுவரை சொன்னதெல்லாம் செயற்கையாகத் தயாரித்த வாயு. இயற்கை எரிவாயு என்பது பூமிக்கடியில் இருந்து வருவது. பெரும்பகுதி மீத்தேன். அமெரிக்காவில் ஃப்ரெடோனியா என்ற ஊரில் 1821-லேயே இதற்காகக் கிணறு தோண்டி விளக்கு எரித்தார்கள். ஆனால் தூரத்துக்கு அனுப்பக் குழாய் இல்லாததால் பல எண்ணெய் வயல்களில் அதை வீணாகக் கொளுத்தினார்கள்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் எண்ணெய்க் கப்பல்களை மூழ்கடித்ததால், டெக்சாஸிலிருந்து கிழக்குக் கடற்கரை வரை அமெரிக்கா இரண்டு பெரிய குழாய்களைப் பதித்தது. பிக் இன்ச், லிட்டில் பிக் இன்ச் என்று பெயர். போர் முடிந்ததும் 1947-ல் அவை தனியாருக்கு விற்கப்பட்டு, இயற்கை எரிவாயுக் குழாய்களாக மாறின. எண்ணெய்க்காகப் போட்ட குழாய் வாயுவுக்கு மாறியது! அதற்குப் பிறகு கிழக்குப் பகுதி வீடுகளில் நிலக்கரி வாயு போய் இயற்கை எரிவாயு வந்தது.

இடையில் ஒரு பெரும் துயரம். 1937 மார்ச் 18, டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளிக்கூடம். செலவை மிச்சப்படுத்த, அருகில் போன எண்ணெய் நிறுவனத்தின் கழிவு வாயுக் குழாயில் இருந்து பள்ளிக்கு இணைப்பு எடுத்திருந்தார்கள். எங்கோ கசிந்தது. இயற்கை எரிவாயுவுக்கு வாசனையே கிடையாது, அதனால் யாருக்கும் தெரியவில்லை. ஒரு சின்னத் தீப்பொறி போதுமானதாக இருந்தது. ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதன் பிறகுதான் வாயுவில் நாற்றம் சேர்ப்பது அங்கே சட்டமானது. நம் சமையலறை கேஸ் கசிந்தால் மூக்கைப் பிடிக்கிறோமே, அந்த நாற்றமும் இதே காரணத்துக்காகச் சேர்ப்பதுதான்.

சரி, ஜெனரேட்டருக்கு வருவோம்

தூக்கிச் செல்லும் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர்கள் 1960-களில் பிரபலமாகத் தொடங்கின. அமெரிக்காவில் ஒவ்வொரு பெரிய மின்வெட்டுக்குப் பிறகும் அவற்றை வாங்குவோர் கூடினார்கள். 1998 பனிப்புயல், 2003 ஆகஸ்டில் சுமார் 5 கோடிப் பேரை இருட்டில் தள்ளிய மின்வெட்டு, 2005 கத்ரீனா என்று வரிசையாக வந்தன.

2012 அக்டோபர் 29-ல் சாண்டி புயல். நியூஜெர்சியில் பெட்ரோல் பங்க்குகளின் தொட்டியில் எரிபொருள் இருந்தும் மேலே ஏற்ற மின்சாரம் இல்லை. மேல் வீட்டு மாமா பார்த்த அதே காட்சி! நவம்பர் 3 முதல் 12 மாவட்டங்களில், வண்டி எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்துத்தான் பெட்ரோல் கொடுத்தார்கள். மைல் கணக்கில் கேனோடு வரிசை. அதே சமயம் அந்த மாநிலத்தில் பல வீடுகளின் சுவரில் எரிவாயுக் குழாய் வழக்கம்போல வேலை செய்துகொண்டிருந்தது. ஜெனரேட்டரை அதில் மாட்ட முடியுமா என்று பலரும் கேட்டதில் ஆச்சரியம் இல்லை.

முடியும். என்ஜினைப் பிரிக்கவே வேண்டியதில்லை. கார்புரேட்டருக்கும் காற்று வடிகட்டிக்கும் நடுவில் ஒரு வளையம் வைத்து, அதன் துளை வழியாக வாயுவை விடுகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு ரெகுலேட்டர். இந்த ரெகுலேட்டர்தான் முக்கியம். என்ஜின் உறிஞ்சினால் மட்டும் திறக்கும். என்ஜின் நின்றால் மூடிக்கொள்ளும். இது இல்லாமல் நேராகக் குழாயைச் செருகினால், நின்றுபோன என்ஜின் வழியாக வாயு கசிந்துகொண்டே இருக்கும். நான் சின்ன வயதில் "விட முடியாதா" என்று கேட்டதற்கு அப்பா தலையாட்டியிருந்தால் அதுதான் நடந்திருக்கும். (சிலிண்டரில் இருப்பது இயற்கை எரிவாயுவும் இல்லை. அது புரொப்பேனும் பியூட்டேனும். காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையிலேயே தங்கும். மீத்தேன் லேசானது, மேலே போய்விடும். இரண்டுக்கும் கலவை அளவும் வேறு வேறு.)

நன்மைகள் என்ன? கேன் தூக்க வேண்டாம். பெட்ரோலைப் பல மாதம் தொட்டியில் விட்டால் கெட்டு கார்புரேட்டரில் பிசின் மாதிரி படியும். வாயுவில் அந்தத் தொல்லை இல்லை. என்ஜின் ஆயிலும் சீக்கிரம் கறுக்காது.

நஷ்டம்? பலம் குறையும். ஒரு பங்கு மீத்தேனுக்கு சுமார் பத்துப் பங்கு காற்று வேண்டும். அந்த வாயு சிலிண்டருக்குள் காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், பொதுவாக 10 முதல் 20 சதவீதம் வரை பலம் போய்விடும். இயற்கை எரிவாயுவின் ஆக்டேன் எண் 120-ஐ ஒட்டியது. அதிகமாக அமுக்கினால் இழந்ததை மீட்கலாம். ஆனால் பெட்ரோலுக்காகச் செய்த என்ஜினில் அதற்கு வழியில்லை. 5 கிலோவாட் ஜெனரேட்டர் முழு பாரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2.5 முதல் 3 கன மீட்டர் வாயு குடிக்கும். அடுப்பில் பத்து பர்னரை ஒரே நேரத்தில் முழுசாக எரிப்பது போல! சமையலறைக்குப் போட்ட மெல்லிய குழாய் அதற்குத் தாங்காது.

எந்த எரிபொருளாக இருந்தாலும் இரண்டு ஆபத்துகள் அப்படியேதான் இருக்கின்றன. ஒன்று, புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு. வாயுவுக்கு மாற்றினால் அது போய்விடும் என்று நினைத்து வீட்டுக்குள்ளோ பால்கனியிலோ ஓட்டக்கூடாது. 2007 முதல் அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு சின்ன ஜெனரேட்டரிலும் இது பற்றிய எச்சரிக்கை ஒட்டியாக வேண்டும் என்பது சட்டம். இரண்டு, ஜெனரேட்டரின் ஒயரை வீட்டு பிளக்கில் சொருகுவது. மெயினைப் பிரிக்கும் சுவிட்ச் இல்லாவிட்டால் மின்சாரம் தெருக் கம்பிக்குத் திரும்பிப் போய், கம்பத்தில் ஏறி வேலை செய்பவரைக் கொன்றுவிடும்.

அப்போ குழாய்தான் தீர்வா?

அப்படியும் சொல்ல முடியாது. சாண்டியின்போதே கடலோரத் தீவுப் பகுதிகளில் குழாய்கள் சேதமாகி, வாயுவை நிறுத்த வேண்டி வந்தது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் கடும் குளிர். எரிவாயுக் கிணறுகளும் கருவிகளும் உறைந்தன. வாயு குறைந்ததால் மின் நிலையங்கள் நின்றன. மின்சாரம் நின்றதால் வாயுவைத் தள்ளும் நிலையங்கள் சிலவும் நின்றன. ஒன்றை நம்பி இன்னொன்று, இரண்டும் விழுந்தன. அரசுக் கணக்குப்படி 246 பேர் இறந்தார்கள். குளிருக்குப் பயந்து வீட்டுக்குள் ஜெனரேட்டர் ஓட்டியும் கரி மூட்டியும் இறந்தவர்களும் அதில் உண்டு.

இப்போது ஆட்டோவை நினைத்துப் பாருங்கள். 1861-ல் அந்த மளிகை வியாபாரி குழாயைப் பார்த்து "இது கட்டிப் போட்ட கயிறு" என்று நினைத்தார். 150 வருடம் கழித்து நியூஜெர்சியில் கேனோடு நின்றவர்களுக்கு அதே குழாய் உயிர்நாடியாகத் தெரிந்தது. கேனில் இருந்தால் தீர்ந்துபோகும். குழாயில் வந்தால், அதை அனுப்புகிறவர்களும் அவர்களுடைய இயந்திரங்களும் நன்றாக இருக்க வேண்டும். அதனால்தான் இன்று இரண்டிலும் ஓடும் ஜெனரேட்டர்களைக் கடையிலேயே விற்கிறார்கள்.

இது நமக்கு எதற்கு? எண்ணூர் எரிவாயு முனையம் 2019-ல் திறக்கப்பட்ட பிறகு தமிழ்நாட்டிலும் வீடுகளுக்குக் குழாய் எரிவாயு வரத் தொடங்கியிருக்கிறது. அடுத்த வெள்ளத்தில் யாராவது ஒரு பத்து வயசுப் பையன் நான் கேட்ட கேள்வியைக் கேட்பான். அவனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். "முடியும், ஆனால் இப்போது இல்லை. அதற்கான ரெகுலேட்டர் வேண்டும், குழாய்க் கம்பெனியின் அனுமதி வேண்டும், தெரிந்த ஆள் வந்து வெயில் காலத்திலேயே செய்து வைத்திருக்க வேண்டும்" என்று சொல்லுங்கள். பாட்டியின் இன்சுலினை மண்பானை அன்றைக்குக் காப்பாற்றியது. ஒவ்வொரு முறையும் மண்பானையை நம்ப முடியாது இல்லையா?

உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டி யாராவது கரி பஸ்ஸைத் தள்ளியிருந்தால் அவசியம் கேட்டு எழுதி வையுங்கள். அதுவும் சரித்திரம்தான்.

மீண்டும் சந்திப்போம்!